தொண்டு நிறுவன ஊழியருக்கு எது நியாயமான ஊதியம்? சேவையின் பயனை அளப்பது எப்படி?

பெங்களூரு: 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 18, 19 ஆகிய இரு நாள்களில் பெங்களூருவின் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தனர். வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க இயலாது என்ற மத்திய அரசின் புதிய விதியே அதற்குக் காரணம். ஓசூர் சாலையில் உள்ள ஹெப்பகோடியில் போராட்டம் வன்முறையாக மாறி, காவல் நிலைய வளாகத்தில் நின்ற வாகனங்கள் தீக்கிரையாயின. இரண்டாம் நாளன்றே அந்த விதியை மத்திய அரசு திரும்பப் பெற்றது.

தமிழக எல்லைக்கு அருகில், ஆனேக்கல் வட்டத்தில் உள்ள ஹெப்பகோடி இன்றும் தொழிலாளர்களின் ஊர்தான். ஆனால் இத்தகைய தொழிற்பகுதிகளில் சாலைக்கு வராத இன்னொரு வகை ஊழியர்களும் இருக்கின்றனர். கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் செல்லும் சுகாதாரப் பணியாளர், மாலை நேர வகுப்பு நடத்தும் ஆசிரியை, இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க அலையும் களப்பணியாளர், இவர்களுக்கெல்லாம் கணக்கு எழுதும் எழுத்தர் ஆகியோரே அவர்கள். தொண்டு நிறுவனங்களில் பணியாற்றும் இவர்களின் ஊதியம் பெரும்பாலும் 'மதிப்பூதியம்' அல்லது 'தொகுப்பூதியம்' என்ற பெயரில் வழங்கப்படுகிறது. நிதி நல்கும் திட்டம் முடிந்தால் வேலையும் முடிகிறது.

இவர்களுக்கு எவ்வளவு ஊதியம் தருவது நியாயம் என்ற கேள்வியும், ஒரு தொண்டு நிறுவனம் நன்றாகச் செயல்படுகிறதா என்பதை எப்படி அறிவது என்ற கேள்வியும் வழக்கமாகத் தனித்தனியே பேசப்படுகின்றன. உண்மையில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. சம்பளச் செலவு குறைவாக இருப்பதையே திறமையின் அடையாளமாகக் கொண்டால், குறைந்த ஊதியம் வழங்கும் நிறுவனம் தானாகவே 'சிறந்த நிறுவனம்' ஆகிவிடும்.

சேவையா, வேலையா?

தொண்டு நிறுவன ஊழியரைத் தொழிலாளராகக் கருதலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் அளித்த மிக முக்கியமான தீர்ப்பு பெங்களூருவில் தொடங்கிய ஒரு வழக்கில்தான் வந்தது. பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம் தன் ஊழியர்கள் சிலருக்கு அபராதம் விதித்தது. அவர்கள் தொழில் தகராறு சட்டத்தின்கீழ் நிவாரணம் கோரினர். தாம் ஒரு 'தொழில்' அல்ல என்பதால் அச்சட்டம் தமக்குப் பொருந்தாது என்று வாரியம் வாதிட்டது.

ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1978 பிப்ரவரியில் வழங்கிய தீர்ப்பில், பெரும்பான்மைக் கருத்தை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். முறையாக நடைபெறும் பணி, முதலாளியும் ஊழியரும் இணைந்து செயல்படும் அமைப்பு, மக்களின் தேவைகளை நிறைவேற்றும் பொருள் அல்லது சேவை ஆகிய மூன்றும் இருந்தால் அது தொழிலே என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. இலாப நோக்கம் இல்லை என்பதால் மட்டும் ஒரு நிறுவனம் இந்த வரையறையிலிருந்து விலகிவிட முடியாது.

அறநிறுவனங்களை அத்தீர்ப்பு மூன்றாகப் பிரித்தது. முதலாவது, இலாபம் ஈட்டி அதை அறப்பணிக்குத் திருப்பும் நிறுவனங்கள். இரண்டாவது, இலாபம் இல்லாமல் ஏழைகளுக்குச் சேவை வழங்கினாலும், மற்ற நிறுவனங்களைப் போலவே கூலிக்கு ஆள் அமர்த்துபவை. மூன்றாவது, ஊதியத்தை எதிர்பாராமல் கொள்கைப் பற்றால் மட்டுமே மனிதர்கள் உழைக்கும் அமைப்புகள். முதல் இரண்டும் தொழில், மூன்றாவது தொழில் அன்று என்பது தீர்ப்பின் சாரம். சேவையின் பயன் ஏழைக்குச் செல்கிறது என்பதால் சேவை செய்யும் ஊழியரின் உரிமை மறைந்துவிடாது என்பதே இதன் பொருள்.

நாடாளுமன்றம் வேறு வழியில் சென்றது. அறப்பணி, சமூகப்பணி, கொடைப்பணி ஆகியவற்றில் முழுமையாகவோ பெருமளவிலோ ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்களைத் 'தொழில்' என்ற வரையறையிலிருந்து விலக்கும் திருத்தம் 1982இல் நிறைவேறியது. ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கு வரவே இல்லை. அதே விலக்கு 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் மீண்டும் இடம்பெற்றது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே, 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பை மறுஆய்வு செய்யும் கேள்வி 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

இதன் விளைவு என்ன? வேலைநீக்கம் போன்ற தகராறுகளைத் தொழில் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு செல்லும் வழி, அறநிறுவன ஊழியருக்குக் குறுகிவிட்டது.

அதே நாளில் நடைமுறைக்கு வந்த வேறு இரு தொகுப்புகள் சில பாதுகாப்புகளை விரிவாக்கியுள்ளன. முன்பு அட்டவணையில் இடம்பெற்ற தொழில்களுக்கு மட்டுமே உரித்தாயிருந்த குறைந்தபட்ச ஊதியத்தை, ஊதியச் சட்டத் தொகுப்பு பொதுவான உரிமையாக்க முற்படுகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் அமர்த்தப்படும் ஊழியர், ஐந்து ஆண்டுகள் காத்திராமல் ஓராண்டுப் பணிக்குப் பின் பணிக்கொடை பெறலாம் என்கிறது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு. திட்டம்தோறும் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தொண்டு நிறுவன ஊழியர்களுக்கு இந்த ஓராண்டு விதி பெரிதும் பொருட்படுத்தத்தக்கது.

பணம் எங்கிருந்து வருகிறது?

தொண்டு நிறுவனம் தன் விருப்பப்படி ஊதியத்தை உயர்த்திவிட முடியாது. நிதி வழங்குவோரின் நிபந்தனைகளும் அரசு விதிகளும் அதைக் கட்டுப்படுத்துகின்றன.

நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், 5 கோடி ரூபாய் நிகர இலாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்பு நிதியாகச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த நிதி, தொழில் நிறுவனங்கள் செறிந்த பெங்களூரு போன்ற நகரங்களில் தொண்டு நிறுவனங்களின் முக்கிய வருவாய் வழியாகும்.

இந்த நிதியில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2021ஆம் ஆண்டுத் திருத்த விதிகள் கூறுகின்றன. இங்கேதான் ஒரு குழப்பம் எழுகிறது. அந்த வரம்பு நிதி வழங்கும் நிறுவனத்தின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. களத்தில் திட்டத்தைச் செயல்படுத்தும் தொண்டு நிறுவனத்தின் செலவு அந்த 5 சதவீதத்தில் சேராது என்று மத்திய நிறுவன விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கத்தில் தெளிவுபடுத்தியது. இருந்தும் 'சம்பளத்துக்கு 5 சதவீதம்தான் தர முடியும்' என்ற வாதத்தைத் தொண்டு நிறுவனங்கள் எதிர்கொண்டால், அது சட்டம் சொல்லாத ஒன்று என்பதை இரு தரப்பும் அறிந்திருப்பது நல்லது.

வெளிநாட்டு நன்கொடைக்கு வேறு விதி. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் செய்யப்பட்ட திருத்தம், நிர்வாகச் செலவின் உச்ச வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை வேறொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிப்பதையும் தடை செய்தது. பெரிய அமைப்புகள் வழியாக நிதி பெற்றுவந்த சிறிய அமைப்புகள் இதனால் அந்த வழியை இழந்தன.

மருத்துவர் திட்டச் செலவு, கணக்காளர் நிர்வாகச் செலவு

எந்தச் சம்பளம் நிர்வாகச் செலவு என்பதை அந்தச் சட்டத்தின் விதிகளே வரையறுக்கின்றன. தொண்டு நிறுவனம் நடத்தும் மருத்துவமனையின் மருத்துவருக்கும் பள்ளியின் ஆசிரியருக்கும் தரும் சம்பளம், நிறுவனத்தின் நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் செலவு. எனவே அது நிர்வாகக் கணக்கில் சேராது. நிர்வாகத்துக்கு அமர்த்தப்படும் ஊழியரின் சம்பளம், அலுவலக வாடகை, மின்கட்டணம், கணக்கெழுதும் செலவு ஆகியவை சேரும்.

காகிதத்தில் தெளிவாகத் தோன்றும் இந்தக் கோடு, நடைமுறையில் மங்கலானது. தடுப்பூசி போடும் செவிலியரின் சம்பளம் திட்டச் செலவு. எந்தக் குழந்தைக்கு அடுத்த தவணை எப்போது என்று பதிவேட்டைப் பராமரிக்கும் ஊழியரின் சம்பளம் எது? அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் இரண்டாம் தவணையைத் தவறவிட்ட குழந்தையைத் தேடிப் போக முடியாது. சேவையின் பயனை அளப்பதற்குத் தேவையான தரவும் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. நிர்வாகச் செலவைக் குறைக்கச் சொல்வோர், சில வேளைகளில் தாம் கேட்கும் பயன் அறிக்கையை எழுதும் கையையே குறைக்கச் சொல்கின்றனர்.

இந்தச் சிக்கலை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆன் கோகின்ஸ் கிரெகரி, டான் ஹோவர்ட் ஆகியோர் 2009இல் 'தொண்டு நிறுவனங்களின் பட்டினிச் சுழற்சி' என்று விவரித்தனர். நிர்வாகச் செலவு மிகக் குறைவாக இருக்கும் என்று நிதி வழங்குவோர் எதிர்பார்க்கின்றனர். நிறுவனங்கள் அதற்கு இணங்கச் செலவைக் குறைக்கின்றன அல்லது குறைத்துக் காட்டுகின்றன. அந்தக் குறைந்த எண்ணைக் கண்டு எதிர்பார்ப்பு மேலும் கீழிறங்குகிறது.

இந்தியாவிலும் இது ஆராயப்பட்டுள்ளது. பிரிட்ஜ்ஸ்பேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கைக்காக 388 தொண்டு நிறுவனங்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. மறைமுகச் செலவுகளுக்கு நிதி பெறத் திணறுவதாக அவற்றில் 83 சதவீதம் தெரிவித்தன. ஒப்பீட்டளவில் நல்ல நிதிநிலை கொண்ட 40 நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்ந்தபோது, மறைமுகச் செலவு 5 முதல் 51 சதவீதம் வரை வேறுபட்டது. அதன் இடைநிலை அளவு 19 சதவீதம். பணியின் தன்மைக்கேற்ப மாறும் ஒரு செலவுக்கு எல்லோருக்கும் ஒரே வரம்பு விதிப்பது பொருந்தாது என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

எண்ணுவது வேறு, அளப்பது வேறு

ஹெப்பகோடியில் சி.எஸ்.ஆர். நிதியின் விளைவைக் கண்ணால் காணலாம். 2025 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிய நம்ம மெட்ரோ மஞ்சள் தடத்தில் 'பயோகான் ஹெப்பகோடி' என்ற நிலையம் உள்ளது. அதற்கு பயோகான் அறக்கட்டளை 65 கோடி ரூபாய் வழங்க உடன்பட்டது. ஹெப்பகோடி ஏரியின் சீரமைப்பிலும் அந்த அறக்கட்டளை ஈடுபட்டது. நிலையம் கட்டப்பட்டதா என்பதையும், ஏரி நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அளவு உயர்ந்ததா என்பதையும் ஐயமின்றிச் சொல்லிவிடலாம்.

ஒரு சுகாதாரப் பணியாளர் ஓராண்டு முழுவதும் வீடு வீடாகச் சென்றதால் என்ன மாறியது என்பதை அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது. அதனால் அறிக்கைகள் எளிதான எண்களையே நாடுகின்றன. எத்தனை வீடுகள், எத்தனை முகாம்கள், எத்தனை 'பயனாளிகள்' என்பவை செயல்பாட்டின் எண்ணிக்கை மட்டுமே. எத்தனை பெண்களுக்கு இரத்தசோகை நீங்கியது என்பது விளைவு. அந்தப் பணியாளர் வராமல் இருந்திருந்தால் இந்த மாற்றம் நிகழ்ந்திருக்காது என்று நிறுவினால்தான் அது தாக்கம்.

இந்த மூன்றாவது வகை அளவீட்டுக்குப் பெயர்பெற்ற ஆய்வுகளில் ஒன்று, பிரதம் என்ற தொண்டு நிறுவனம் மும்பையிலும் வதோதராவிலும் நடத்திய 'பால்சகி' திட்டம் பற்றியது. படிப்பில் பின்தங்கிய குழந்தைகளுக்கு உள்ளூர் இளம்பெண்கள் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பித்தனர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் குலுக்கல் முறையில் பள்ளிகளைப் பிரித்து ஆராய்ந்தனர். திட்டம் நடந்த பள்ளிகளில் குழந்தைகளின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. ஆய்வு 2007இல் வெளியானது. 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் மைக்கேல் கிரெமருக்கும் வழங்கப்பட்டபோது, இத்தகைய ஆய்வு முறையே காரணமாகக் குறிப்பிடப்பட்டது.

அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத இரு தகவல்கள் உண்டு. அந்த இளம்பெண்களுக்கு மாதம் 500 முதல் 750 ரூபாய் வரையே வழங்கப்பட்டது. அவர்கள் சராசரியாக ஓராண்டுதான் பணியில் நீடித்தனர். திருமணம் ஆகும் வரை, அல்லது வேறு வேலை கிடைக்கும் வரை. மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் என்று உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட திட்டத்தில், அந்தக் 'குறைந்த செலவு' என்பதன் ஒரு பகுதி அப்பெண்களின் குறைந்த ஊதியமே. திட்டத்தின் பயன் உண்மை. அதற்கான விலையை யார் செலுத்தினர் என்பதையும் அதே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழகத்தில் நான்கு மாவட்டங்களின் 640 அங்கன்வாடி மையங்களில் நடந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. இவற்றில் பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக நியமிக்கப்பட்டார். அங்கே கற்பித்தல் நேரம் இரு மடங்கானது. ஒன்றரை ஆண்டுக்குப் பின் குழந்தைகளின் மொழித் திறனும் கணக்குத் திறனும் உயர்ந்திருந்தன. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. அங்கன்வாடி அரசுத் திட்டம்தான். எனினும் 'கூடுதல் ஊழியர் என்பது கூடுதல் செலவு' என்ற எண்ணத்துக்கு இந்த ஆய்வு ஒரு மறுமொழி.

ஒரு சிறு கணக்கு

இதைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரு நிறுவனங்கள் தலா 1,000 குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகின்றன. முதல் நிறுவனம் 10 லட்சம் ரூபாய் செலவிடுகிறது. இரண்டாவது நிறுவனம் ஆசிரியைகளுக்குக் கூடுதல் ஊதியமும் வருங்கால வைப்பு நிதியும் வழங்குவதால் 14 லட்சம் ரூபாய் செலவிடுகிறது. ஒரு குழந்தைக்கான செலவு முதல் நிறுவனத்தில் 1,000 ரூபாய், இரண்டாவதில் 1,400 ரூபாய். இந்த எண்ணோடு நின்றுவிட்டால் முதல் நிறுவனமே சிறந்தது.

ஆண்டின் நடுவில் முதல் நிறுவனத்தின் ஆசிரியைகள் பலர் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். புதியவர்கள் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்குகின்றனர். ஆண்டு முடிவில் அங்கே சரளமாக வாசிக்கும் குழந்தைகள் 300 பேர். ஆசிரியைகள் நிலைத்து நின்ற இரண்டாவது நிறுவனத்தில் 560 பேர். வாசிக்கக் கற்ற ஒரு குழந்தைக்கான செலவு முதல் நிறுவனத்தில் ஏறத்தாழ 3,333 ரூபாய், இரண்டாவதில் 2,500 ரூபாய். எதை வகுத்தியாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்து வரிசை தலைகீழாகிறது.

கூடுதல் ஊதியம் எப்போதும் இத்தகைய பயனைத் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் விளைவை அளக்காத வரை, தருகிறதா இல்லையா என்பதே தெரியவராது.

கொடையாளரின் ஐயமும் நியாயமே

தம் பணம் ஏழைக்குப் போகாமல் அலுவலகத்திலேயே கரைந்துவிடுமோ என்ற கொடையாளரின் அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. அறக்கட்டளையை உறவினருக்கு ஊதியம் வழங்கும் வழியாகப் பயன்படுத்துவோரும் உண்டு. அதனால்தான் நிறுவனருக்கோ அறங்காவலருக்கோ அவர்களின் உறவினருக்கோ, செய்த பணிக்கு நியாயமான அளவை மீறி ஊதியம் வழங்கினால் வரிவிலக்கை இழக்க நேரும் என்று வருமான வரிச் சட்டம் எச்சரிக்கிறது.

மேல்நிலை நிர்வாகியின் ஊதியமும் களப்பணியாளரின் ஊதியமும் வெவ்வேறு கேள்விகள் என்பதையும் கவனிக்க வேண்டும். 'தொண்டு நிறுவனங்களில் சம்பளம் அதிகம்' என்ற குற்றச்சாட்டு முதல் வகையைக் குறித்து எழுந்தாலும், செலவைக் குறைக்கும்போது முதலில் பாதிக்கப்படுவோர் இரண்டாம் வகையினர். இரு ஊதியங்களுக்கும் இடையிலான விகிதத்தை நிறுவனமே வெளியிட்டால் ஐயத்துக்கு இடமிராது.

பயன் அளவீட்டுக்குச் சட்டமும் இப்போது இடம் தருகிறது. சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ சி.எஸ்.ஆர். கடமை உள்ள நிறுவனங்கள், ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்கள் முடிந்து ஓராண்டு ஆனபின் சுதந்திரமான அமைப்பைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். சமூகப் பங்குச் சந்தையில் பதிவு பெறும் தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் தாக்க அறிக்கை வெளியிட வேண்டும். தேசியப் பங்குச் சந்தையின் இப்பிரிவில் 2023 டிசம்பரில் முதலாவதாகப் பட்டியலிடப்பட்டது பெங்களூருவைச் சேர்ந்த எஸ்.ஜி.பி.எஸ். உன்னதி அறக்கட்டளை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆனால் இந்த ஏற்பாடுகள் பெரிய திட்டங்களுக்கே எட்டும். சில லட்சம் ரூபாயில் இயங்கும் சிறிய அமைப்பிடம் குலுக்கல் முறை ஆய்வை எதிர்பார்ப்பது, ஆய்வுக்காக வகுப்பையே நிறுத்தச் சொல்வதற்குச் சமம். அத்தகைய அமைப்புக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் எளிய வாசிப்புத் தேர்வு, இடையில் நின்ற குழந்தைகளின் நேர்மையான பட்டியல், பயன்பெற்ற குடும்பங்களிடம் நேரில் கேட்ட கருத்து ஆகியவை போதும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை வழங்க எண்ணுவோர் 'நூற்றுக்கு எவ்வளவு நிர்வாகச் செலவு' என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதிலாக நான்கு கேள்விகளைக் கேட்கலாம்.

முதலாவது: களப்பணியாளர்களுக்கு மாநில அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியமாவது கிடைக்கிறதா, அது உரிய தேதியில் வழங்கப்படுகிறதா? இரண்டாவது: வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மகப்பேறு விடுப்பு ஆகியவை நடைமுறையில் உள்ளனவா? மூன்றாவது: கடந்த ஆண்டு பணியில் இருந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் இருக்கின்றனர்? நான்காவது: எத்தனை பேருக்குச் சேவை சென்றது என்பதைத் தாண்டி, அவர்களில் எத்தனை பேரின் நிலை மாறியது என்பதை நிறுவனம் எப்படி அறிகிறது, மாறாதபோது என்ன செய்கிறது?

நிதி வழங்கும் நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. திட்டத்துக்கான தொகையை முடிவு செய்யும்போதே ஊழியரின் முழு ஊதியத்தையும் சட்டப்படியான பலன்களையும் அதில் சேர்க்கலாம். ஓராண்டு ஒப்பந்தத்துக்குப் பதிலாக மூன்றாண்டு ஒப்பந்தம் செய்தால், களப்பணியாளரும் அவ்வளவு காலம் நிலைக்க வழி பிறக்கும்.

2016இல் ஹெப்பகோடியின் சாலைக்கு வந்த பெண்கள் கேட்டது தம் சேமிப்பைத் தமக்குத் தேவையானபோது எடுக்கும் உரிமையை. அவர்கள் வேலைக்குச் சென்ற நேரத்தில் அவர்களின் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியைக்கு அத்தகைய சேமிப்புக் கணக்கு இருக்கிறதா என்பது, அந்த ஆசிரியையை அமர்த்திய நிறுவனத்திடமும் அதற்கு நிதி தருவோரிடமும் இனி கேட்கப்பட வேண்டிய கேள்வி.